கம்பத்தில் தங்காத அட்டை

விற்பனை அட்டையைத் தெருக் கம்பத்தில் கட்டி முடித்ததும் குமுதினி அக்கா நேரே வீட்டுக்குப் போகமாட்டார். தெருமுனைவரை நடந்துவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்ப்பார். "இந்தத் தெருச் சனம் சிரிச்சுக்கொண்டு ஹலோ சொல்லுவினம். நாங்கள் அங்காலை திரும்ப, கழட்டிப் போடுவினம்," என்பார் என்னிடம்.

ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. அங்கே வேறு யாரும் எடுத்துவிடாதபடி தன் கரண்டிகளுக்குச் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். வீட்டில் மணி அடித்தால் கதவைத் திறப்பதில்லை. சன்னலைக் கொஞ்சம் திறந்து பார்ப்பார், பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்.

கணவர் யூட் போன வருடம் இறந்தார். பழைய சைக்கிள்களை வாங்கித் திருத்துவது அவருடைய பொழுதுபோக்கு. கராஜ் நிறைய அவைதான். இப்போது கராஜைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். "இரும்புக்குப் போட ஏலாது. அந்த மனுசன் ஒவ்வொண்டையும் ஓடிப் பாத்துத்தான் வைச்சவர். ஆரெண்டாலும் ஓடவேணும்."

அதற்காகத்தான் சனிக்கிழமை விற்பனை, அதற்காகத்தான் அட்டைகள். ஆனால் கட்டிய அட்டை மறுநாள் இருக்காது. மறுபடி கட்டினால் மறுபடி காணாமல் போகும். அக்காவின் சந்தேகம் மூலைவீட்டுக் கிளவுஸ் மேல். ஓய்வுபெற்ற ஜெர்மானியர். "திரைச்சீலைக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறவர். நான் கண்டனான்."

வெள்ளி மாலை அக்கா அவரைப் பிடித்தேவிட்டார். வேகக் கட்டுப்பாட்டுப் பலகையின் கம்பத்தில் கிளவுஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீட்டுச் செருப்போடு தெருவைக் கடந்து ஓடினார், பின்னால் நானும்.

கிளவுஸ் அசரவில்லை. போக்குவரத்துப் பலகையில் எதையும் கட்டக் கூடாது, விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் நகராட்சி அனுமதி வேண்டும் என்றார். "அட்டையில் உங்கள் முகவரி இருக்கிறது. அபராதம் நேரே உங்களுக்குத்தான் வரும்." பிறகு எங்களை வீட்டின் மறுபக்கம் கூட்டிப்போனார். பெரிய தெருவைப் பார்த்த அவருடைய சொந்த வேலியில் காணாமல்போன அட்டைகளெல்லாம் நேராகக் கட்டப்பட்டிருந்தன.

"சொல்லத்தான் மணி அடித்தேன். நீங்கள் சன்னலை மூடிவிட்டீர்கள்."

அக்கா ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். திரும்பும்போது என்னிடம், "ஏதோ விக்க வந்த ஆள் எண்டு நினைச்சுப்போட்டன்," என்றார்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். சைக்கிளை ஓட்டிப் பார்க்கக் கேட்டவர்களிடமெல்லாம் அக்கா முதலில் அவரவர் வீட்டுச் சாவியைப் பிணையாக வாங்கிக்கொண்டார். மதியம் கிளவுஸ் வந்து ஒரு நீலச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தார். கேட்காமலே சாவியை நீட்டினார். அக்கா அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"ஓடிப் பாத்திட்டு வாங்கோ," என்று தமிழிலேயே சொன்னார். கிளவுஸ் கழற்றிய மேலங்கியை மட்டும் வாங்கி, மடித்து, கையிடுக்கில் இறுக்கிக்கொண்டார்.