கூரை உள்ள தரிப்பிடம்

ஜெர்மனியில், ஹனோவரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தைப் பராமரிப்பது என் தொழில். பல்பு மாற்றுவேன், கதவு திருத்துவேன், வேலை போய்விடும் என்று வாரம் ஒரு தடவை பயப்படுவேன். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பொருளியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். பேக்கரிக்காரரின் மகன். பேருந்துகள் ஏன் ஓடுகின்றன, ஏன் ஓடாமல் விடுகின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மாடியில் இருந்த இயந்திரக் கோப்பி வாயில் வைக்க முடியாதது. அதனால் காலை பத்தரைக்கு நிலவறையில் இருக்கும் என் அறைக்கு இறங்கி வருவார். நான் பால் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பேன்.

ஒன்பது வருடங்கள் இப்படிப் போயின. சீனிக்கட்டிகளைப் பேருந்துகளாக அடுக்கி, அன்றைய விரிவுரையை முதலில் எனக்கு நடத்துவார்.

“உமக்கு விளங்கினால் என் மாணவர்களுக்கும் விளங்கும்.”

“விளங்காவிட்டால்?”

“எனக்குப் பரிசு கிடைக்கும்.”

முடிந்ததும் இரண்டு பேருந்துகளைத் தேத்தண்ணிக்குள் போட்டுக் கலக்குவார்.

பிறகு ஒரு கட்சி அவரை மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் நிற்கக் கேட்டது. நான் கை குலுக்கி வாழ்த்திவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். ஆள் தோற்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். தோற்றார். அடுத்த நாள் பத்தரைக்கு வந்து, சீனிக்கட்டியைத் தொடாமல் இரண்டு கோப்பை குடித்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு அரசியலில் தலையிடும் துணிவு போய்விட்டது. அடுத்த தேர்தலுக்கு மெழுகுதிரி கொளுத்தவில்லை. வென்றுவிட்டார். பல்கலைக்கழகத்தை விட்டுச் சட்டமன்றத்துக்குப் போனார், பத்தரைத் தேத்தண்ணியும் நின்றது.

சீனிக்கட்டிப் பெட்டி மேசையிலேயே கிடந்தது. நான் நீரிழிவுக்காரன், தொட முடியாது. எறியவும் மனம் வரவில்லை. பத்தரைக்குப் படிக்கட்டில் சத்தம் கேட்டால் தண்ணீரை அடுப்பில் வைத்துவிடுவேன். யாராவது மாணவன் கழிப்பறை தேடி வந்திருப்பான்.

ஒரு நாள் மனைவி பொறுமை இழந்தாள். “இவ்வளவு யோசிக்கிறதுக்கு ஒருக்கா போய்ப் பாத்திட்டு வாங்கோவன்.”

“சும்மா போகேலாது. டெர்மின் எடுக்க வேணும்.”

“கூட்டாளியைப் பாக்கவோ டெர்மின்? உங்களுக்கு விசர்.”

இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தவனுக்கு டெர்மின் என்று நேரம் குறிக்காமல் ஏங்கக்கூடத் தெரியாது. அவருடைய அலுவலகத்தில் மக்கள் குறை கேட்கும் நேரம் ஒன்று இருந்தது. ‘உங்கள் குறை என்ன?’ என்றது படிவம். உங்களைக் காணவில்லை என்றா எழுதுவது? எங்கள் வீட்டு முன்னால் உள்ள பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. ‘தரிப்பிடம், கூரை’ என்று மட்டும் எழுதினேன்.

குறித்துத் தந்த நாளில் பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு போனேன். அவர் எழுந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் மடிக்கணினியோடு ஓர் உதவியாளர் பெண். அவ்வளவுதான், எனக்குப் பதற்றம் பிடித்துவிட்டது. பதினைந்து நிமிடம்தான் தருவார்கள். அதில் பத்து நிமிடம் கூரையைப் பற்றியே பேசினேன். மழை என்றேன், பனி என்றேன், கிழவிகள் வழுக்கி விழுகிறார்கள் என்றேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வெள்ளமும் வரவழைத்திருப்பேன்.

“எந்தத் தரிப்பிடம்?” என்றார்.

வீட்டு முன்னால் உள்ளதன் பெயர் தலையில் இருந்து பறந்துவிட்டது. வாயில் வந்தது பல்கலைக்கழக வாசலில் உள்ளதன் பெயர். உதவியாளர் அதைத் தட்டச்சு செய்துவிட்டார். ஒன்பது வருடங்கள் அவர் தினமும் இறங்கிய தரிப்பிடம் அது. அதற்குக் கூரை உண்டு. அவருடைய தேர்தல் படமே அதன் கண்ணாடியில்தான் இருந்தது.

அவர் என் பிளாஸ்க்கைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“இது பாரதூரமான விஷயம்,” என்றார் உதவியாளரிடம். “நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செவ்வாய், பத்தரைக்கு எழுதுங்கள்.”

வந்தார். நல்ல மழை. அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் மாறி மாறிக் குடித்தோம். அவருக்காகச் சீனிக்கட்டிப் பெட்டியையும் கொண்டு போயிருந்தேன். மூன்று பேருந்துகளைப் போகவிட்டோம். அவருடைய கைபேசி மட்டும் ஓயவில்லை.

“கீழே என் அறைக்கு வாருமன். புதிதாய்ப் போட்டுத் தாறன்,” என்றேன்.

“இன்றைக்கு முடியாது.” நான்காவது பேருந்து வந்ததும் எழுந்து கூரைத் தூணைத் தட்டிப் பார்த்தார். “உறுதியாகத்தான் இருக்கிறது. வேறு குறை ஏதும்?”

“தேடிப் பார்க்கிறேன்,” என்றேன்.

எங்கள் வீட்டு முன்னால் உள்ள தரிப்பிடத்தில் இன்றைக்கும் நனைந்துகொண்டுதான் நிற்கிறேன். நகரசபைக்கு ஒரு கடிதம் போடச் சொல்லி மனைவி கத்துகிறாள். நான் போடவில்லை. யாராவது கூரை போட்டுவிட்டால், அடுத்த டெர்மினுக்கு நான் எதைச் சொல்லிக்கொண்டு போவது?