மூன்று தரம் வடித்த செர்ரி ஜூஸ்

போன மாதம் பக்கத்து வீட்டு வதனி அக்கா வீட்டில் பார்பிக்யூ. என் கணவர் இரண்டாவது கிளாஸ் செர்ரி ஜூஸ் கேட்டு வாங்கினார். வீட்டில் நான் எதைக் கரைத்துக் கொடுத்தாலும் பாதியில் வைத்துவிடுகிற மனிதர்!

"உந்த நிறத்தைப் பாருமன்..." என்று கிளாஸை வெயிலில் தூக்கிப் பிடித்து எனக்கே காட்டினார்.

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்தில், கிழட்டு மரங்களில் வதனி அக்கா தானே ஆய்ந்து வந்த செர்ரியாம். கடைப் பழத்தைவிடச் சின்னது, கறுப்பென்றே சொல்லலாம். பழைய இனம், அன்ரிஒக்ஸிடன்ற் நிறைய, முகத்துக்கு நல்லது... அவர் சொல்லச் சொல்ல, எல்லோரும் அவருடைய முகத்தையே பார்த்தார்கள்.

என்னைவிட நான்கு வயது மூத்தவர் அவர். வந்திருந்த ஒருத்தி என்னிடம் கேட்கிறாள், "நீங்கள் வதனியின்ரை அக்காவோ?"

பொறாமையா? ஓம், பொறாமைதான். உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது?

அடுத்த சனிக்கிழமையே அதே தோட்டம், அதே மரங்கள். இரண்டு வாளி ஆய்ந்தேன். அவருடைய ஜூஸ் கொஞ்சம் கலங்கல். நான் விடுவேனா? ஊரில் நெல்லிரசம் காய்ச்சுகிற முறைப்படி சீனி போட்டு, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் மூன்று தரம் வடித்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. சக்கையை வெளியே கிறீன் பின்னில், சாப்பாட்டுக் கழிவு போடுகிற அந்தப் பச்சைத் தொட்டியில், கொட்டினேன்.

வதனி அக்காவைக் கூப்பிட்டு, கணவருக்கு முன்னாலேயே ஒரு கிளாஸ் நீட்டினேன்; கணவருக்கும் ஒன்று.

"நல்ல இனிப்பாயிருக்கு. தோலை என்ன செய்தனீர்?"

"கிறீன் பின்னுக்குள்ள போட்டிட்டன்."

"ஐயோ! கனக்கச் சத்து அந்தத் தோலிலைதானே. உப்பிடிக் கொதிக்க வைச்சா மிச்சமும் போயிடும். நான் கொட்டையை எடுத்திட்டு, அப்பிடியே பிளெண்டரிலை அடிக்கிறனான்."

கணவர் தன் கிளாஸைப் பார்த்தார். "அப்ப... இது சீனித் தண்ணியோ?"

வதனி அக்கா சிரித்திருந்தாலும் பரவாயில்லை. என்னைப் பாவமாகப் பார்த்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், கிறீன் பின் சரிந்து கிடக்கிறது. உள்ளே ஒரு தோல் மிச்சமில்லை. வேலியில், இரவில் குப்பைத் தொட்டி கிளறித் தின்ன வருகிற ஒரு ரக்கூன் — வாயெல்லாம் சிவப்பு — சாவகாசமாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அதன் உடம்பில் என்ன மினுமினுப்பு என்கிறீர்கள்... நான் பொறாமைப்பட இந்தத் தெருவில் இப்போது இரண்டு பேர்!