மான் வாய் வைக்காத தொட்டி

எனக்கு ஊரு சத்தியவேடு பக்கம். திருப்பதிக்கு அந்தாண்ட, மலையை ஒட்டின ஒரு யுனிவர்சிட்டியில தோட்ட வேலை. கோடையில காட்டோரத்து சிமெண்டுத் தொட்டியைத் தினம் காலையில நிரப்பணும். தாகத்துக்கு மான் ரோட்டுக்கு வந்து அடிபடக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு. போன கோடையில ஒரு நிறைமாச மான் வந்துக்கினு இருந்துச்சு. எனக்குப் பிள்ளை இல்ல. அது குட்டியோட வர்றதை ஒரு தரம் பாத்துடணும்னு கொள்ளை ஆசை.

திடீர்னு மூணு நாளா தொட்டியில தண்ணி குறையவே இல்ல. நான் சிந்தின ஈரத்துல குளம்புத் தடம் மட்டும் அத்தனை இருக்கு. ஒரு குருவிச் சத்தம்கூட கேக்கல. நல்ல வெயில்ல எனக்கு உடம்பு சிலுத்துப் போச்சு.

"அக்கடிக்கி வெள்ளொத்து அக்கா, அங்க போவாத. ஏதோ இருக்குது"ன்னாரு கேட் வாட்ச்மேன்.

"உன் மூஞ்சிதான் இருக்குது, போய்யா"ன்னேன். ஆனா அன்னிக்குத் தொட்டி வேலையை முடிச்சுட்டு ஓட்டமாத்தான் திரும்பினேன்.

காட்டைப் பத்திப் பாடம் எடுக்கற மேடம் தொட்டிக்கு எதிர மரத்துல ஒரு கேமரா கட்டியிருந்தாங்க. நாலாம் நாள் மத்தியானம் அந்த போட்டோவையெல்லாம் எனக்குக் காட்டினாங்க. மானுங்க வருது, தண்ணிகிட்ட மூக்கைக் கொண்டுபோவுது, வெடுக்குனு பின்வாங்குது. அப்புறம் எல்லாம் ஒரே பக்கமா திரும்பிக்கினு அசையாம நிக்குது. அது நான் வர்ற வழி.

"எதைப் பாத்து இப்படி நிக்குது மேடம்?"ன்னேன்.

"நீங்க தொட்டியில என்ன போட்டீங்க?"ன்னாங்க.

அய்யோ! பாசியா இருக்குதேன்னு, ஹாஸ்டல் டேங்குக்குப் போடற பிளீச்சிங் பவுடரை ரெண்டு ரெண்டு கையா தினம் அள்ளிப் போட்டவ நான்தான். எங்க ஊரு டேங்குல அப்படித்தான் போடுவாங்க. வாயில்லா ஜீவன் சுத்தமா குடிக்கட்டுமேன்னு நினைச்சேன். எவ கேட்டா என்னை இதைச் செய்யச் சொல்லி?

ஓடிப்போய் அடைப்பைப் பிடுங்கி, நாலு தரம் கழுவி, நல்ல தண்ணி விட்டேன். மறுநாள் தொட்டி பாதி காலி. அழுகையே வந்துடுச்சு. அதே அழுகையோட தொட்டிக்கு அந்தாண்ட பாறைப் பக்கம் போனா, அந்த நிறைமாச மான் தண்ணியில்லாம செத்துக் கிடக்குது, வயித்துப் பிள்ளையோட.

இப்ப நான் பாசியைத் தொடறதில்ல. சூப்பர்வைசர் கத்தினா கத்தட்டும்.

நாலாம் நாள் காலையில எடுத்த கடைசி போட்டோவை மட்டும் மேடம்கிட்ட கேட்டு போன்ல வாங்கி வெச்சிருக்கேன். மத்த மானெல்லாம் போயிடுச்சு. அது மட்டும் தொட்டிக்குப் பின்னால நின்னு பாத்துக்கினு இருக்குது. இந்தாண்ட பவுடர் டப்பாவோட நான் குனிஞ்சிருக்கேன். அன்னிக்கு நான் தலையைத் தூக்கவே இல்ல.