துணியை விற்றவர் யார்

பெல்ஜியத்துக்குப் போய் இரண்டரை மாதமாகியும் என்னிடம் சொந்தமாக ஒரு கேள்வி இருக்கவில்லை. பழைய பிளெமிஷ் ஓவியங்களைப் பற்றிய மூன்று மாதப் படிப்பு அது. முடியும்போது, யாரும் இன்னும் பதில் சொல்லாத ஒரு கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். அது அவர்களுக்குப் பிடித்துப்போனால் அங்கேயே ஆய்வு மாணவியாக நான்கு வருடம் இருக்கலாம். இல்லாவிட்டால் இலங்கைக்கு, மாத்தளைக்குத் திரும்பி, ஏழாம் வகுப்புக்குப் பூச்சாடி வரையக் கற்றுக்கொடுக்கலாம். பூச்சாடி மேல் எனக்குக் கோபமில்லை. பன்னிரண்டு வருடமாக அதையே வரையச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

என் கோளாறு, எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போனதுதான். லில்லிப்பூவுக்கு என்ன அர்த்தம், அணைந்த மெழுகுதிரிக்கு என்ன அர்த்தம், எல்லாம் மனப்பாடம். நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். பேராசிரியைக்கு என் வயதுதான் இருக்கும். நான்கையும் சிரித்த முகத்தோடு திருப்பித் தந்தார். "நல்ல கேள்வி. பதிலும் ஏற்கெனவே இருக்கிறது" என்பார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசி வாரம் புரூஜ் நகரத்துக்கு எங்களை ரயிலில் கூட்டிப்போனார்கள். அன்று காலை கைவசம் துவைத்த முக்காடு ஒன்றும் இல்லை. வாப்பா எங்கள் துணிக்கடையிலிருந்து எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்ட புது வெள்ளை முக்காட்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டேன். "அயர்ன் பண்ண மறந்துவிட்டாயா?" என்றாள் அறைத் தோழி. எங்கள் வீட்டில் பெருநாளைக்குப் புது உடுப்பை அயர்ன் பண்ண மாட்டோம். கடை மடிப்பு தெரிந்தால்தான் புதிது என்று நாலு பேருக்கு விளங்கும். அதை அவளுக்கு விளக்க நேரமில்லை. ரயிலில் போகும் வழியெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளங்கையால் தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

அருங்காட்சியகத்தில் ஒரு பலகை ஓவியம். கிறிஸ்தவர்களின் மேரி மாதா, எங்களுக்கு மர்யம் நாயகி. எல்லோரும் பக்கத்தில் இருந்த பூவைப் பார்த்தார்கள். நான் தலைத்துணியைப் பார்த்தேன். நெடுக்கிலும் குறுக்கிலும் மடிப்புக் கோடுகள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னே ஒரு மனிதர் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக வரைந்திருக்கிறார். என் கை தானாக என் தலைக்குப் போனது. மனம் நிறைந்துவிட்டது.

"மடிப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்" என்றார், நான் பார்த்த இடத்தைக் கவனித்த பேராசிரியை, அதே சிரிப்போடு. "வீட்டுப் பெட்டியில் சுத்தமாக வைத்திருந்த துணி என்று."

"இது பெட்டி மடிப்பு இல்லை. கடை மடிப்பு" என்றேன், கொஞ்சம் சூடாகவே. தீபாவளிக்கு எல்கடுவ தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எங்கள் கடைக்கு வந்து பிரித்துப் பார்த்துவிட்டுப் போகும் துணிகளையெல்லாம் திரும்ப மடித்து வைப்பதுதான் சின்ன வயதில் என் வேலை. முணுமுணுத்துக்கொண்டே செய்வேன். ஒருமுறை துவைத்த துணியில் மடிப்பு இப்படிக் கூராக நிற்காது.

அவர் குனிந்து பார்த்தார். "இருக்கலாம். அதனால் என்ன?"

நான் போனை எடுத்து ஓவியத்தைப் படம் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை கேள்வியைக் கொடுத்தாக வேண்டும்.

மத்தியானம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, படத்தை வாப்பாவுக்கு அனுப்பிவிட்டுப் பேசினேன். அவர் கடையில் இருந்தார்.

"நல்ல துணி. மடிப்பும் சரி" என்றார். "படத்தக் கீறினவர் பேரு தெரியுமா மகள்?"

"தெரியும் வாப்பா. படத்தச் சுத்தியிருக்கிற மரச்சட்டத்துல எழுதியிருக்கு."

"கீழ முட்டுக்கால்ல இருக்கிற மனுசன்?"

"படத்துக்குச் செலவழிச்சவர். அவர் பேரும் தெரியும்."

"அது சரி. துணிய வித்தவர் யாரு?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அதெல்லாம் யாரும் எழுதி வெக்கல்ல வாப்பா."

"ஏன் எழுதல்ல? அவர் இல்லாட்டி மர்யம் நாயகி தலையில என்னத்தப் போடுற?" என்றவர், யாரோ கடைக்குள் வரவும் போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். துணியை உதறி விரிக்கும் சத்தம் கேட்டது. என் போனைக் காதில் வைத்தபடியே, மடியில் கொப்பியை விரித்து வாப்பாவின் கேள்வியை அப்படியே எழுதினேன்.

மறுநாள் காலை பேராசிரியை அதை இரண்டு முறை வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"இதற்கு என்னிடம் பதில் இல்லை" என்றார். "நீங்கள் இங்கேயே இருந்து தேட வேண்டியதுதான்."