நான் கழற்றிய தெர்மோஸ்டாட்

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில் என் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றது. பார்வைக்குத் தகர டப்பா. உள்ளே இருந்தது ஜப்பான் எஞ்சின். பந்தயக் கார்களுக்கு எஞ்சின் செய்து பேர் வாங்கிய கம்பெனி, அதே வித்தையைச் சாதாரண ரோட்டுக் காருக்கும் இறக்கிக் கொடுத்திருந்தது. எஞ்சின் மேல்மூடி சிவப்பு. ஜப்பானில் உடைத்துப் போட்ட ஏதோ ஒரு காரிலிருந்து கப்பலேறி வந்து, கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஷெட் வைத்திருந்த என் நண்பன் கையில் சிக்கியது.

அவன் ஆதம்பாக்கத்துக்காரன். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். நான் டிப்ளமோவை வைத்துக்கொண்டு தி.நகர் ஆபீசில் நாற்காலி தேய்த்தேன். அவன் ஷெட் போட்டான். ஜப்பான் எஞ்சினை நம்மூர் காரில் பொருத்தத் தெரிந்தவன் என்று பேர் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. அதற்கு என் வண்டிதான் முதல் வண்டி. அது ஓடினால் அவன் பிழைப்பு ஓடும்.

முதல் நாள் இரண்டு பேரும் கோவளம் ரோட்டில் போனோம். பாலவாக்கம் தாண்டியதும் மிதிக்கச் சொன்னான். ஐயாயிரம் சுற்று வரைக்கும் சாதுவாக இருந்தது. அதற்கு மேல், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றும் பெட்ரோலும் திறந்துவிடுகிற இன்னொரு கேம் பிடித்துக்கொண்டது. சத்தமே மாறி, முதுகு சீட்டோடு ஒட்டியது.

"கேட்டியா மச்சி? இதான் அவனுங்க வித்தை. ஒரு எஞ்சினுக்குள்ள ரெண்டு எஞ்சின் கீது!" என்று என் தொடையில் ஓங்கி அடித்தான். வலித்தது. இரண்டு பேரும் கிறுக்கர்கள் மாதிரி சிரித்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்துக்கு என்னை என்ன திட்டினாலும் தகும். அப்போது சென்னையில் கார் வாங்கியவர்கள் செய்கிற முதல் வேலை, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற சின்ன வால்வு அது. குளிர் தேசத்துக்காரனுக்கு வேண்டும், நம்ம வெயிலுக்கு அது எதற்கு? நானும் கழற்றினேன். பத்து நிமிஷ வேலை. நண்பனிடம் சொல்லவில்லை. புதுச் சட்டையிலிருந்து குண்டூசியை எடுத்ததை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? அதற்கப்புறம் சூட்டு முள் அடியிலேயே கிடந்தது. அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

இரண்டாவது கேம் மட்டும் பிடிக்கவேயில்லை. எவ்வளவு மிதித்தாலும் பழைய டப்பாதான். மூன்று தடவை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். பிளக், வயரிங், ஆயில் என்று எல்லாவற்றையும் பார்த்தான். தெர்மோஸ்டாட் அவன் கையாலேயே புதிதாகப் போட்டது, அங்கே பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"இன்னான்னே புரியல மச்சி. கொஞ்சம் டைம் குடு."

நான் கொடுக்கவில்லை. தங்கள் கார்களுக்கும் எஞ்சின் பேச இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே, "செத்த எஞ்சினுக்குப் பெயின்ட் அடிச்சு என் தலையில கட்டிட்டான்" என்றேன். டீயைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். அதோடு நிறுத்தினேனா? ஆபீசில் சொன்னேன். அடையாறு பெட்ரோல் பங்கில் சொன்னேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

நாலாவது தடவை அவனே வந்து வண்டியை எடுத்துப் போனான். இரண்டு நாளில் கொண்டுவந்து விட்டான். நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். அந்த வாரமே காரை யாருக்கோ தள்ளிவிட்டேன். ஆறு மாதத்தில் அவன் ஷெட் மூடியது.

இரண்டு வருஷம் கழித்து, லஸ் முனையில் பழைய புத்தகக் கடையில் அந்தக் கம்பெனி எஞ்சின்களுக்கான ரிப்பேர் புத்தகம் ஒன்று கிடைத்தது. தண்ணீர் போதிய சூட்டுக்கு வராவிட்டால் இரண்டாவது கேம் பிடிக்காது, குளிர்ந்த எஞ்சினை யாரும் விரட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று போட்டிருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சூட்டு முள்ளை அடியிலேயே கிடக்க வைத்தவன் நான்தான்.

ஆதம்பாக்கத்தில் அவனைத் தேடிப் பிடித்தேன். யாரோ ஒருவருடைய பட்டறையில், ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான். நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியும். கடைசி தபா தொறந்து பாத்தேன், உள்ள வால்வே இல்ல. புதுசு போட்டு பாலவாக்கம் வரிக்கும் ஓட்னேன். சூப்பரா போச்சு."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னனே. ஒரே ஒரு தபா ஓட்டிப் பாக்கச் சொல்லுங்கம்மான்னு. நீ ஓட்டிட்டு நேரா வருவேன்னு ஒரு வாரம் ஷெட்லயே குந்திக்கினு இருந்தேன்."

அம்மா அன்றைக்கே சொல்லியிருந்தாள், இரண்டு தடவை. நான் சாவியைத் தொடவில்லை. வாங்க வந்தவனிடமும் எஞ்சின் செத்தது என்று சொல்லித்தான் விற்றேன்.