சாமை உடையாத மில்

மலையடிவாரத்துச் சந்தவாசலைச் சேர்ந்த இளவரசி, மலைமேல் ஜமுனாமரத்தூரில் சாமை மில் வைத்த ஐந்தாம் வருடம், அதே தெருவில் இன்னொரு மில் திறந்தது. திறந்தவர் வாணியம்பாடி சத்தார், முன்பு தோல் வியாபாரத்தில் இருந்தவர். சந்தை நாளில் மூட்டையோடு ஜீப்பிலிருந்து இறங்கும் மலை விவசாயிகளை யார் முதலில் கூப்பிடுவது என்று இருவருக்கும் அன்றிலிருந்து போட்டி. இளவரசி முதல் பஸ்ஸில் மலையேறுகிறாள் என்று தெரிந்ததும் சத்தார் மில்லிலேயே தங்க ஆரம்பித்தார்.

ஆனால் இருவரும் தோற்றது ஒரே இடத்தில்தான். சாமையின் உமியை நீக்கும்போது அரிசி உடைந்து நொய்யானது. நூறு கிலோவில் பதினெட்டு கிலோ நொய். சிறுதானியம் வாங்கும் சென்னை நிறுவனம் ஒன்று ஐந்துக்கு மேல் ஏற்காது. இளவரசி அனுப்பிய மாதிரி மூன்று முறை திரும்பியது. மூன்றாம் முறை பார்சல் ஆபீசில் அவள் பைக்குப் பக்கத்தில் இன்னொரு பை கிடந்தது. அதில் சத்தார் பெயர்; அதே ‘நிராகரிப்பு’ முத்திரை.

நேராக அவர் மில்லுக்குப் போனாள்.

"பாய், உங்க பையும் திரும்பிடுச்சு."

"அத்தச் சொல்லத்தான் வந்தியாம்மா?"

"என்னுதும் வந்துடுச்சு. தனித்தனியா ஒடைக்கிறத வுட்டுட்டு, சேந்து பாக்கலாமான்னு கேக்க வந்தேன்."

சத்தார் நாற்காலியை இழுத்துப் போட்டார். சாமையை அளவு வாரியாகச் சலிப்பதிலும் காயவைக்கும் பக்குவத்திலும் இளவரசி கெட்டிக்காரி. சத்தாரின் மைத்துனர் பிலால், வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலைகளுக்கு ரப்பர் உருளை செய்து கொடுப்பவர். "இரும்புல மோதித்தான் ஒடையுது. உள்ள ரப்பர் ஒட்டினா இன்னா?" என்றார் சத்தார்.

வீட்டில் கணவன் குமரேசனுக்குப் பிடிக்கவில்லை. "உன் பக்குவத்தக் கத்துக்கினு உன் மில்லையே மூட வெப்பாரு."

"இப்பிடியே வுட்டா நானே மூடிடுவேன்."

மறுநாள் சத்தாரிடம் தெளிவாகச் சொன்னாள். "மெஷின்ல இன்னா கண்டுபுடிச்சாலும் ரெண்டு பேருக்கும். வாங்குற ஆளு அவங்கவங்களுக்கு." அவரும் சம்மதித்தார்.

முதலில் ஒட்டிய ரப்பர் ஒரு மணி நேரத்தில் உரிந்து வந்தது. அடுத்தது அரிசியில் கறுப்பு தீற்றியது. மூன்றாவது மெத்தென்றிருந்ததால் உமியே போகவில்லை. ஒவ்வொரு தடவையும் தானியத்தின் ஈரத்தைச் சுவரில் சாக்பீசால் எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது முறை நூறு கிலோவுக்கு நாலு கிலோதான் நொய். பிலால் தன் கையாலேயே மூன்று முறை நிறுத்துப் பார்த்தார்.

இருவரும் மாதிரி அனுப்பினார்கள். ஆர்டர் சத்தாருக்குப் போனது. அவர் மெஷின் பெரியது.  இளவரசி அன்று சாயங்காலம் வரை மூட்டை தைத்தாள்.

ஐப்பசி மழை பிடித்தது. ஈரக்காற்றில் சத்தாரின் சாமை உமியை விடவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்பே இளவரசி வழி கண்டிருந்தாள். உமி எரியும் அடுப்பின் சூட்டை மின்விசிறியால் தள்ளி, தகரத்தில் மெல்லிசாகப் பரப்பிய தானியத்தை உலர்த்தினாள். சத்தார் வந்து வாசலில் நின்றார். "உன் மில்லு மட்டும் எப்பிடிம்மா ஓடுது?"

உலர்த்துவது மெஷினில் சேராது. சொல்லாமல் இருந்தால் ஒப்பந்தம் மீறியதாகாது. பத்து நாள் வாயை மூடிக்கொண்டால் அந்த ஆர்டரே அவளிடம் வந்துவிடும். ஆனால் மலைச் சாமையை நம்ப முடியாது என்று சென்னைக்காரர்கள் முடிவு கட்டிவிட்டால், அப்புறம் இரண்டு மில்லுக்கும் வேலையில்லை.

"உள்ள வாங்க, காட்டறேன். ஆனா அடுத்த ஆர்டரு என்னுது, பாய்."

"புடி பாக்கலாம்!" சத்தார் சிரித்துவிட்டார்.

பிடித்தாள். தை மாதம் பெங்களூர்க் கடைகள் அவளிடம் வந்தன; சத்தாரும் அதற்கு முயன்றிருந்தார். சென்னைக்குத் தேவை கூடியபோது இருவரும் பாதிப் பாதி அனுப்பினார்கள்.

இந்த வருடம் புதூர்நாட்டில் தேவி என்ற பெண் மூன்றாவது மில் ஆரம்பித்தாள். அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். சென்ற வாரம் சாமையிலிருந்து பொடிக்கல்லைப் பிரிக்க, சல்லடையில் தான் செய்த ஒரு மாற்றத்தைப் படமெடுத்து இருவருக்கும் அனுப்பினாள் தேவி. பார்த்த அடுத்த நிமிடம் இளவரசி பிலாலுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, இந்தச் சல்லடைய எனக்கு மொதல்ல செஞ்சு குடுங்க. உங்க மச்சானுக்கு அப்பறம் செய்யலாம்."