பெரின் லவோதெல் பேசாமல் விட்ட பதினொரு வரிகள்

பெரின் லவோதெல் எங்கள் பாரிஸ் நாடகசாலையில் தோழி வேடங்கள் மட்டுமே போட்டவள். ஊர் சுற்றும் குழு ஒன்றிலிருந்து வந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. 1756 ஜனவரி 9ஆம் தேதி, மார்புச்சளி முற்றிப் படுத்தாள். நடிகர்களுக்குச் சாகும் நேரத்தில் அவஸ்தை எண்ணெய் பூசவோ கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவோ கிறிஸ்தவக் கோயில் சம்மதிக்காது. இனி மேடை ஏறமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. பெரின் எழுதிக் கொடுத்தாள். போன நவம்பரில் புதைத்த ஆறு வயது மகள் சொலாஞ்சின் பக்கத்தில் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஆனால் பிழைத்துக்கொண்டாள்.

மார்ச்சில், பழைய சீன நாடகம் ஒன்றைப் பிரெஞ்சுச் செய்யுளில் ஐந்து அங்கமாக்கிய துயர நாடகத்தை மறுபடி எடுத்தோம். இளவரசக் குழந்தையைக் காக்கத் தன் பிள்ளையையே பலிகொடுக்கத் துணிகிறான் தகப்பன், தாய் மறுக்கிறாள். அந்தத் தாயின் தோழிக்குப் பதினொரு வரிகள். பெரின்தான் நடிக்க வேண்டும், மறுத்தால் சிறை என்று நாடகசாலையை ஆளும் அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது.

"சிறைக்கே போறேன்" என்றாள்.

தகப்பனாக நடித்த கிரான்வால் சிரித்தார். "போயிட்டு வாம்மா. நான் ரெண்டு தடவ போயிருக்கேன். சூப்பு இங்கத்ததவிட மோசமில்ல."

"பங்குச்சாமிகிட்ட எழுதிக் குடுத்திருக்கேன் ஐயா. மறுபடி ஏறினா, சாகும்போது வரமாட்டேன்னுட்டாரு."

சிறைக்குப் போனால் மேடையிலிருந்து தப்பலாம் என்று நம்பினாள். பாரிஸில் பழகிய நடிகர் யாரும் அப்படி நம்பியிருக்க மாட்டார்கள். அடைபட்ட நடிகர்களைக் காவலர் வண்டியில் கூட்டிவந்து, ஆட்டம் முடிந்ததும் திரும்பப் பூட்டுவது இங்கே வழக்கம். மார்ச் 18, நாலரை மணிக்கு அவளைக் கொண்டுவந்தார்கள்.

"என்னைத்தான் பூட்டிட்டாங்களே ஐயா, அப்புறம் எப்படி?" என்று என்னிடம் கேட்டாள். நான் நாடகசாலையின் பதிவேட்டுக்காரன், அன்றன்று யார் நடித்தார் என்று எழுதி வைப்பவன். உடைக்காரி சீனப் பட்டு உடையை மாட்டிவிட்டாள். "நிமிந்து நில்லு பெரின், இருமினா தையல் விட்டுடும்."

மேடையில் அவள் வாய் திறக்கவில்லை. மறைவிலிருந்து மூன்று முறை வரியை எடுத்துக் கொடுத்தார்கள். மேடையோரப் பெஞ்சில் இருந்த சீமான் ஒருவர், "அசல் சீனாக்காரியையே புடிச்சிட்டு வந்துட்டாங்கப்பா, நம்ம பாஷை வரல" என்றார். அரங்கமே சிரித்தது.

சிறையில் காய்ச்சல் திரும்பியது. ஏப்ரல் 2 விடுவித்தார்கள். மறுநாள் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பங்குச்சாமியாரிடம் போனேன். 'பெரின், ஒரு வரியும் பேசவில்லை' என்று எழுதியிருந்ததை அவர் இருமுறை படித்தார்.

"வேஷம் போட்டிருந்தாளா?"

"காவலர் கொண்டாந்து நிறுத்தினாங்க சாமி. அவ நடிக்கல."

"பேசாத வேஷம்னு உங்க நாடகத்துல கிடையாதா?"

உண்டு. அப்படிப்பட்டவர்களின் பெயர்களையும் நடித்தவர் வரிசையில்தான் எழுதி வந்திருக்கிறேன்.

"உண்டு சாமி" என்றேன்.

அவர் பதிவேட்டை மூடிக் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது பெரின் கதவையே பார்த்துக் கிடந்தாள். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று தலையைத் தூக்கினாள். ஏப்ரல் 5 காலை ஏழேகாலுக்குப் போனாள். ஆற்றங்கரை மரக்கிடங்கின் பின்புறம் புதைத்தோம். சொலாஞ்ச் கிடப்பது மறுகரைக் கல்லறைத் தோட்டத்தில்.